பாதுகாவலர் கையெழுத்து

பதினாலு பேர் உட்கார்ந்திருக்கிறோம், பதினாலு பேர் முகத்திலும் ஒரே சிரிப்பு, யாரைப் பார்த்து என்றால் யாரையும் பார்த்து இல்லை, எதிர்ச்சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் பம்புசெட் படத்தைப் பார்த்து. மூலையில் ஒரு கேமரா இருக்கிறது. நேர்காணல் உள்ளே கூப்பிட்ட பிறகு தொடங்குவதில்லை, கேட்டைத் தாண்டும்போதே தொடங்கிவிடுகிறது என்று ஜெயசீலன் சார் சொல்லியிருக்கிறார், அதனால் கேமராவுக்காகச் சிரிக்கிறோம். காந்திபுரத்தில் செருப்புக் கடைக்கு மேல்மாடியில் ஆறு வாரம் எங்களுக்கு வேலை வாங்குவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தவர் அவர். அவர் எங்கேயாவது வேலை பார்த்தாரா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. டை கட்டியிருந்தார், அது போதுமாக இருந்தது. கை குலுக்கும்போது இரண்டு தடவை ஆட்டு, மூன்றாவது தடவை ஆட்டினால் கெஞ்சுகிறாய் என்று அர்த்தம். உன் பலவீனம் என்ன என்று கேட்டால், எடுத்த வேலையை முடிக்காமல் தூக்கம் வராது சார், அதுதான் என் பலவீனம் என்று சொல். நாற்பது பேர் அதை நோட்டில் எழுதிக்கொண்டோம். கோயமுத்தூர் முழுக்க இன்றைக்கு எத்தனை அறைகளில் எத்தனை பேர் தூக்கம் வராத பலவீனத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள், கேட்கிறவர்களும் அதை முதல் தடவை கேட்கிற மாதிரித் தலையாட்டிக்கொண்டிருப்பார்கள். எனக்குப் படுத்தால் தூக்கம் வந்துவிடும். எனக்குப் பக்கத்தில் நீல டை கட்டிய ஒருத்தன் உதடு அசையாமல் முணுமுணுக்கிறான், 'மை செல்ஃப்' என்று தொடங்கிப் பாதியில் நின்று மறுபடி 'மை செல்ஃப்' என்று தொடங்குகிறான், மாட்டிக்கொண்ட கேசட் மாதிரி. அவன் பெல்ட்டில் புதிதாக ஆணியால் குத்திய ஓட்டை. என் பெல்ட்டிலும் ஒன்று இருக்கிறது. இரண்டு இடத்துக்குப் பதினாலு பேர், பதினாலு கருப்பு பைல், இவர்கள் நடுவில் நான் மட்டும் ஏதோ வேறு ஆள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேனே, இதையும் பதினாலு பேரும் நினைத்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

ஜன்னல் வழியாகக் கேட் தெரிகிறது. கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் அப்பா வாட்ச்மேனிடம் பேசிக்கொண்டிருக்கிறார். வாயசைவே இங்கே வரை கேட்கிறது. வரவேண்டாம் என்று எத்தனை தடவை சொன்னேன். கோபியில் முதல் பஸ் ஏறும்போது எனக்கு முன்னால் ஏறி உட்கார்ந்திருக்கிறார், கூட வந்தா என்ன, நான் என்ன உள்ளயா வரப்போறேன் என்கிறார். பேச்சுப்போட்டிக்குக் குழந்தையைக் கூட்டி வருகிற மாதிரி. இப்போது அந்த வாட்ச்மேனுக்கு என்ன சொல்லிக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியும், இந்தக் கம்பெனிச் சங்குச் சத்தம் எத்தனை மைல் போகும், ஐநூறு வாட்ஸ் பாக்ஸ் வைத்தால் அதைவிட எவ்வளவு தூரம் போகும். நாச்சிமுத்து ஒலி ஒளி அமைப்பகம். முப்பது வருஷம் குழாய் ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே நின்று காது பாதி போய்விட்டது, தனக்குக் கேட்காதது ஊருக்கும் கேட்காது என்று நினைத்துக்கொண்டு கத்துகிறார். பஸ்ஸில் கண்டக்டரிடம் என் பையன் இன்டர்வியூக்குப் போறான், மெக்கானிக்கல், முதல் வகுப்பு என்றார். திருப்பூர் போகிற தையல்காரர்கள் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். போன மாதம் வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பழகிக்கொண்டிருந்தேன், 'ஐ ஆம் எ ஹார்டு ஒர்க்கர், ஐ ஆம் எ டீம் பிளேயர்' என்று கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஆட்டிக்கொண்டிருந்தேன், ஆம்ப்ளிஃபயரைப் பிரித்து வைத்துக்கொண்டு இவர் பார்த்துக்கொண்டே இருந்தார், அப்புறம் எழுந்து வந்து என் கையில் ஒரு மைக்கைக் கொடுத்தார். இதுல பேசிப் பழகு, குரல் நிக்கும், கைக்கும் ஒரு வேலை ஆச்சு. வாசலில் டெஸ்டிங்குக்கு வைத்த பாக்ஸோடு அது சேர்ந்திருந்தது அவருக்கும் நினைவில்லை, எனக்கும் தெரியாது. நான் கடின உழைப்பாளி என்பது எங்கள் தெருவுக்கும் அடுத்த தெருவில் பாதிக்கும் கேட்டது. பால் ஊற்ற வந்த அக்கா இன்றைக்கு வரை என்னைப் பார்த்தால் 'டீம் பிளேயர்' என்கிறாள். அவர் மட்டும் தெருமுனை வரை போய் நின்று கேட்டுவிட்டு வந்து, எழுத்து எழுத்தாக் கேக்குதுடா என்றார். பெருமையாகச் சொன்னார், அதுதான் தாங்க முடியவில்லை.

இது ஆறாவது நேர்காணல். ஐந்திலும் ஒரே இடத்தில்தான் விழுந்தேன். கணக்குக் கேட்டார்கள், சொன்னேன். வால்வு, பேரிங், வெப்பம், அழுத்தம், எல்லாம் சொன்னேன். கடைசியில் ஒருத்தர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, உங்கள் வாழ்க்கையில் நீங்கள் சந்தித்த பெரிய சோதனை என்ன, அதை எப்படிக் கடந்து வந்தீர்கள் என்று கேட்பார். என்னிடம் ஒன்றும் கிடையாது. வகுப்பில் ஜெயசீலன் சார் இதற்கென்றே ஒரு நாள் ஒதுக்கினார். ஒவ்வொருத்தராக எழுந்து சோதனையைச் சொல்ல வேண்டும். நான் மூன்றாம் செமஸ்டரில் இரண்டு பேப்பர் போனதைச் சொன்னேன். அதெல்லாம் சோதனையாடா, உனக்கு நெசமாவே ஒண்ணும் நடக்கலையா என்றார். நாற்பது பேர் சிரித்தார்கள். அடுத்து தமயந்தி எழுந்தாள், அந்தியூர்ப் பெண், எப்போதும் ஒரே சாம்பல் நிறத் துப்பட்டா. கடைசி செமஸ்டர் பரீட்சைக்கு முதல் நாள் அவளுடைய அப்பா இறந்துவிட்டார், அடுத்த நாள் காலையில் அவள் போய்ப் பரீட்சை எழுதினாள், எழுதிப் பாஸானாள். தரையைப் பார்த்துக்கொண்டு இரண்டே வரியில் சொன்னாள். ஜெயசீலன் சார் கைதட்டினார். எல்லாரையும் தட்டச் சொன்னார். இதுதான் கதை, ஆனா அப்பாவை முதல்லயே கொன்னுடாத, கடைசி வரைக்கும் வெச்சிருந்து சொல்லு, அப்பத்தான் எதிர்ல இருக்கறவன் நிமிந்து உக்காருவான் என்று சொல்லிவிட்டு அவளை மறுபடி சொல்ல வைத்தார். அவள் மறுபடி சொன்னாள். இன்னும் கொஞ்சம் நிறுத்தி என்றார். மூன்றாம் தடவை சொன்னபோது நன்றாகவே வந்தது, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினாள், அப்புறம் பின்வரிசைக்குப் போய்த் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் அப்போது என்ன நினைத்தேன். இந்த ஆள் எவ்வளவு கேவலமானவன் என்று நினைத்தேன். அதோடு நின்றிருக்கலாம். இவளுக்காவது ஒன்று இருக்கிறதே என்றும் நினைத்தேன், அதை நினைத்தேன் என்று நானே ஒப்புக்கொள்ளச் சில நாள் ஆனது.

பெயரைக் கூப்பிடுகிறார்கள். யுகேந்திரன். உள்ளே மூன்று பேர். இரண்டு ஆண்கள், ஒரு மேடம், மேஜையில் பாதி தின்ற பிஸ்கட். கை குலுக்க யாரும் கையே நீட்டவில்லை, இரண்டு ஆட்டா மூன்றா என்ற பிரச்சினை முடிந்தது. கேவிட்டேஷன் என்றால் என்ன, சொல்கிறேன். இம்பெல்லர் எதனால் தேயும், சொல்கிறேன், வழுக்கைத் தலைக்காரர் பேனாவை மூடுகிறார், நன்றாகப் போகிறது, நன்றாகப் போகும்போதுதான் வரும், நாற்காலியில் சாய்கிறார், வந்துவிட்டது. வாழ்க்கையில் நீங்கள் சந்தித்த பெரிய சோதனை. நான் வாயைத் திறக்கும்போது எதைச் சொல்வது என்று முடிவு செய்திருக்கவில்லை என்றுதான் பிறகு எனக்கு நானே சொல்லிக்கொள்ளப் போகிறேன், பொய். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டபோதே முடிவாகிவிட்டது. எங்கள் அப்பா மைக் செட் போடுகிறவர் சார் என்று ஆரம்பிக்கிறேன், முதலிலேயே கொல்லவில்லை. கடைசி செமஸ்டர் சார். பக்கத்து ஊர்க் கோயில் நோம்பி, பெரிய திருவிழா சார். குழாய் கட்டுவதற்குக் கம்பத்தில் ஏறினார். அங்கே நிறுத்துகிறேன். மேடம் பிஸ்கட்டைத் தள்ளி வைக்கிறார். கரண்ட் அடித்துவிட்டது சார். அடுத்த நாள் எனக்குப் பரீட்சை. போய் எழுதினேன் சார், அப்பா அதைத்தான் விரும்பியிருப்பார். அந்தக் கடைசி வரி தமயந்தியுடையதுகூட இல்லை, அது தானாக வந்தது, அதைச் சொன்ன அந்த ஒரு நிமிஷம் எனக்கு உண்மையாகவே அப்பா இல்லை, கம்பத்தடியில் சுருண்டு கிடந்த ஒயர்கூடத் தெரிந்தது. வழுக்கைத் தலைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். தண்ணி குடிங்க தம்பி என்கிறார். குடிக்கிறேன். ஐந்து நேர்காணலில் யாரும் எனக்குத் தண்ணீர் கொடுத்ததில்லை. இவர்கள் மேல் எனக்கு வந்த இளப்பத்தை என்ன சொல்ல, பம்புக்குள் ஒரு வாஷர் தேய்ந்தால் கண்டுபிடிக்கிறவர்கள், இருபத்திரண்டு வயதுப் பையன் வாயிலிருந்து வருவதில் எது இரவல் என்று தெரியவில்லை.

மத்தியானத்துக்குள் பன்னிரண்டு பேரை அனுப்பிவிடுகிறார்கள். நீல டைக்காரன் போகும்போது என் தோளைத் தட்டி ஆல் தி பெஸ்ட் என்கிறான். அவனுக்கு என் மேல் பொறாமைகூட இல்லை, அது எரிச்சலாக இருக்கிறது. மேடம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு ஒரு படிவத்தைக் கொடுக்கிறார். பெயர், பிறந்த தேதி, தந்தை பெயர். நாச்சிமுத்து என்று எழுதுகிறேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, முன்னாடி 'லேட்'னு போட்டுருங்க யுகேந்திரன் என்கிறார், மெதுவாக, என் மனம் நோகக்கூடாதென்று. போடுகிறேன். நான்கு எழுத்து, ஆங்கிலத்தில். பேனா நன்றாக எழுதுகிறது. கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம், மூன்று வருஷம் வேலையை விட்டுப் போகமாட்டேன் என்பதற்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையெழுத்து. உங்ககூட யாரோ வந்திருக்காங்கன்னு வாட்ச்மேன் சொன்னாரே, யாரு அது என்கிறார். மூன்று வினாடிக்கு மேல் மௌனமாக இருந்தால் பொய் சொல்கிறாய் என்று எடுத்துக்கொள்வார்கள், இதுவும் ஜெயசீலன் சார் பாடம், இரண்டு வினாடியில் சொல்லிவிடுகிறேன், சித்தப்பா மேடம். அப்பாடா, அவரையே கூட்டிட்டு வாங்க, வேலை இன்னைக்கே முடிஞ்சிரும் என்கிறார்.

கேட்டுக்கு நூறு அடி இருக்கும். இதுவரை நடந்ததிலேயே நீளமான நூறு அடி என்று எவனாவது எழுதுவான், அப்படியெல்லாம் இல்லை, சீக்கிரம் வந்துவிட்டது. வழியில் வேறு ஏதாவது சொல்ல முடியுமா என்று பார்த்தேன், சித்தப்பா ஊருக்குப் போய்விட்டார் என்று திரும்பிப் போய்ச் சொல்லலாம், ஆனால் வாட்ச்மேன் காலையிலிருந்து இவரோடு பேசிக்கொண்டிருக்கிறான், என் பையன் என் பையன் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பார். நல்ல வேளை, சாப்பாட்டு நேரம், வாட்ச்மேன் மாறியிருக்கிறான். அப்பா எழுந்து வேட்டியில் மண்ணைத் தட்டிக்கொண்டு வருகிறார்.

"ஆச்சா?"

"ஆச்சுங்ப்பா. எடுத்துக்கிட்டாங்க."

அவர் முகம் போன போக்கை நான் பார்க்கவில்லை, பார்க்காமல் இருக்க வாட்ச்மேன் நாற்காலியைப் பார்த்தேன். "உள்ள ஒரு கையெழுத்துப் போடணும். சித்தப்பான்னு சொல்லியிருக்கேன் உங்கள."

"ஏன், அப்பன் போடக்கூடாதாமா?"

"அப்பா இல்லைன்னு சொல்லிட்டேன்."

"இல்லைன்னா? வரலைன்னா?"

இந்த ஒரு தடவையாவது அவர் காது சரியாகக் கேட்டிருக்கலாம். "இல்லைங்ப்பா," என்றேன். "இல்லைன்னு."

அவர் சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை வாரினார், காற்றில் கலைந்தது, மறுபடி வாரினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு என்னென்ன பதில் இருந்தது, நீங்கள் எனக்கு வேறென்ன கொடுத்தீர்கள் என்று தொடங்கி ஒரு முழுப் பதில் பஸ்ஸிலிருந்தே தயாராக இருந்தது. "வா," என்றார், "அவங்களக் காக்க வெக்க வேண்டாம்."

மேடம் எழுந்து வணக்கம் சொல்கிறார். அப்பா நாற்காலியின் நுனியில் உட்காருகிறார். இவர் இப்போது கத்துவார், கத்தினால் எல்லாம் போச்சு. ஆனால் இவர் குரலைத் தணித்துக்கொள்கிறார், இத்தனை வருஷத்தில் இந்தக் குரலை நான் கேட்டதில்லை, எங்கே வைத்திருந்தார் இதை. உறவுமுறை என்ற இடத்தில் மேடமே சித்தப்பா என்று எழுதிவிட்டுப் படிவத்தைத் திருப்புகிறார். பெயர் எழுத வேண்டிய இடத்தில் அப்பாவின் கை நிற்கிறது. முதல் பக்கம் காற்றாடியில் புரள்கிறது, அவர் விரல் வைத்து அமர்த்துகிறார், அமர்த்திய இடத்துக்குப் பக்கத்தில் நான் எழுதிய நான்கு எழுத்தும் அவர் பெயரும். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது, கல்யாணப் பத்திரிகைகளில் வருகிற அளவுக்கு வரும். அந்த நான்கு எழுத்து கல்யாணப் பத்திரிகையில் வரும். அவர் விரலை எடுக்கவில்லை, அப்படியே வைத்துக்கொண்டு மறுகையால் ஏதோ ஒரு பெயரை எழுதுகிறார்.

"உங்க அண்ணனப் பத்தி யுகேந்திரன் சொன்னாருங்க," என்கிறார் மேடம். "கேக்கவே கஷ்டமா இருந்துச்சு. அப்ப நீங்க பக்கத்துலதான் இருந்தீங்களா?"

"அதப் பத்தி எனக்கொண்ணும் தெரியாதுங்க," என்கிறார் அப்பா. "பையனத்தான் கேக்கணும்."

மேடம் துக்கத்தில் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு தலையாட்டுகிறார். "நல்ல மனுசரா இருந்திருப்பாரு."

அப்பா யோசிக்கிறார். யோசிக்க வேண்டிய கேள்வி மாதிரியே யோசிக்கிறார். "சுமாரான ஆளுதானுங்க. தொழில் மட்டும் சுத்தமாச் செய்வாரு. சத்தமாப் பேசுவாரு, பையனுக்கு அது ஆகாது." அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. பேனாவை மூடி மேடத்திடம் கொடுக்கிறார். நான் இப்போது சொல்ல வேண்டும். இவர்தான் மேடம் என்று இரண்டு வார்த்தை. நாக்கில் வந்து நிற்கிறது, ஆறு வாரம் பழகியதில் எது வேண்டுமானாலும் எந்த நேரத்திலும் சொல்ல வந்தது, இது வரவில்லை. ஒண்ணாந்தேதி காலை எட்டரைக்கு வந்துருங்க என்கிறார் மேடம். தேங்க்யூ மேடம் என்கிறேன், அது சுத்தமாக வந்தது, எழுத்து எழுத்தாக.

பஸ் நிறுத்தத்தில் நிழல் இல்லை. ரோட்டின் அந்தப் பக்கம் லாரிகள் போகின்றன. ஜெயசீலன் சாரை வெறுக்கலாம் என்று பார்க்கிறேன், அந்த ஆளுக்கு இதில் என்ன பங்கு, அவர் தமயந்தியைத்தான் மூன்று தடவை சொல்லச் சொன்னார், என்னை அந்தக் கதையை ஒரு தடவைகூடச் சொல்லச் சொல்லவில்லை. வழுக்கைத் தலைக்காரரை வெறுக்கலாம், அவர் தண்ணீர் கொடுத்தார். பக்கத்தில் நிற்கிறவரை இத்தனை நாள் எவ்வளவு சுலபமாக வெறுக்க முடிந்தது, கூட வந்ததற்கு, மைக்கைக் கொடுத்ததற்கு, தெருமுனை வரை போய் நின்று கேட்டதற்கு. கையில் எதுவும் மிஞ்சவில்லை, சுற்றிச் சுற்றி என்னிடமே வந்து நிற்கிறது, அங்கே நிற்கவும் பிடிக்கவில்லை.

"என்ன பேரு எழுதினீங்க?" என்று கேட்கிறேன்.

"பழனிச்சாமின்னு. ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பண்ற பழனி. சட்டுனு அதுதான் வந்துச்சு." ஒரு டவுன் பஸ் நிற்காமல் போகிறது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே கேட்கிறார். "எப்படிச் செத்தேன்?"

லாரி போகிறது. அது போய் முடிகிறவரை காத்திருக்கிறேன், இன்னொரு லாரி வரவில்லை. "கரண்ட் அடிச்சு."

"எங்க?"

"ஒரு நோம்பில. குழாய் கட்ட ஏறினப்ப."

அப்பா முகம் இப்போதுதான் மாறுகிறது. கம்பெனிக்குள் அந்த நான்கு எழுத்தில் விரல் வைத்திருந்தபோதுகூட மாறாத முகம். "முப்பது வருசத்துல எனக்கு ஒரு தடவை ஷாக் அடிச்சதில்ல," என்கிறார். "கூட வேலை செய்யறவனுக்கும் அடிச்சதில்ல. மெயினப் புடுங்காம நான் ஏறுவனாடா? மாரடைப்புன்னு சொல்லியிருக்கலாமில்ல. தொழில் தெரியாதவன் சாவற சாவுடா அது."

வெயில் தாரில் பளபளக்கிறது. அவர் துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொள்கிறார், கொஞ்சம் நகர்ந்து அந்தத் துண்டின் நிழலில் என் முகமும் வருகிற மாதிரி நிற்கிறார், அது தெரிந்து செய்தாரா தெரியாமல் செய்தாரா என்று தெரியவில்லை.

"அப்பறம் நீ என்ன பண்ணுனே?"

"அடுத்த நாள் பரீட்சை. போய் எழுதினேன்."

"பாஸா?"

"பாஸுங்ப்பா."

அவர் தலையாட்டுகிறார். தூரத்தில் கோபி பஸ்ஸின் நெற்றி தெரிகிறது, அவர் கையைப் பாதி தூக்கிவிட்டு என் பக்கம் திரும்புகிறார். "எனக்குக் கொள்ளி வெச்சுட்டுத்தானே பரீட்சைக்குப் போனே?"

அதை உள்ளே யாரும் கேட்கவில்லை. தமயந்தியிடம் நாற்பது பேரில் ஒருத்தர் கேட்கவில்லை, மூன்று தடவை கேட்ட ஜெயசீலன் சாருக்கும் தோன்றவில்லை, சொன்ன எனக்கே தெரியாது. பஸ் வந்து நிற்கிறது. ஏறாமல் நிற்கிறார், பதிலுக்காக, அவருடைய நல்ல காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு.

"வெச்சுட்டுத்தாங்ப்பா போனேன்," என்கிறேன்.